முதல் காளை வாங்கப் போகிறீர்களா? பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு நடை!

ஆம்பூரில் பிரியாணியை முடித்துக்கொண்டு வடக்கே பஸ் ஏறினால், பேரணாம்பட்டு சுமார் 20 கிலோமீட்டர்தான். ஊருக்கு அருகே சாத்கர் மலை. ஒரு காலத்தில் ஆரஞ்சுப் பழத்துக்குப் பேர் போனது. மலைத்தொடரைத் தாண்டினால் ஆந்திரா, யானைகள் நடமாடும் கவுண்டின்யா சரணாலயம். ஊருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது தோல் பதனிடும் வாசனை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இதுவும் ஒரு முக்கியமான ஊர்.

ஊருக்குள் தோல் தொழில் நடக்க, சுற்றியுள்ள கிராமங்களில் பல வீட்டு வாசலில் ஒரு காளை கட்டியிருக்கும். ஏரில் பூட்டுவதற்கோ வண்டி இழுப்பதற்கோ அல்ல. தை பிறந்தால் ஓடுவதற்காக!

பிடிக்க ஆள் கிடையாது

மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்துப் பழகியவர்களுக்கு, வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எருது விடும் விழா புதிதாக இருக்கும். இங்கே காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் வீரர்கள் இல்லை. தெருவின் இருபுறமும் கட்டைகளைக் கட்டித் தடுப்பு போடுவார்கள். ஒரு முனையில் காளையை அவிழ்த்துவிடுவார்கள், அது மறுமுனைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு காளையாக விட்டு, எத்தனை நொடியில் எல்லையைத் தாண்டியது என்று கணக்கெடுப்பார்கள். குறைந்த நேரத்தில் ஓடிய காளைக்கு முதல் பரிசு. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் நொடியில் ஒரு சின்னப் பங்காகக்கூட இருக்கும்.

கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை, நெற்றியில் பலூன் என்று காளைகள் மாப்பிள்ளைக் கோலத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னதுமே கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த ஆரவாரத்தில்தான் பல இளைஞர்களுக்கு, ‘நாமும் ஒரு காளை வாங்கினால் என்ன?’ என்ற ஆசை பிறக்கிறது.

டிராக்டர் வந்த கதை

சென்னையில் 1960-ல் டாஃபே நிறுவனம் தொடங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் மாசி ஃபெர்குசன் போன்ற டிராக்டர்கள் கிராமங்களுக்கு வரவர, உழவு மாட்டுக்கு வேலை குறைந்தது. உலகம் முழுக்க இதே கதைதான். ஆனால் விளையாட்டு போன பாதை ஊருக்கு ஊர் வேறு.

அமெரிக்காவில் விவசாயிகள் குதிரைகளை வைத்துப் பாரம் இழுக்கும் போட்டி நடத்திவந்தார்கள். டிராக்டர் வந்ததும் குதிரையின் இடத்தில் டிராக்டரை நிறுத்தினார்கள். 1929-ல் மிசோரி, ஒஹாயோ மாநிலங்களில் தொடங்கிய டிராக்டர் இழுவைப் போட்டி இன்றும் நடக்கிறது. ஒரு சறுக்குப் பலகையை டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும். ஆரம்பத்தில், பலகை நகர நகர வழியில் நிற்கும் ஆட்கள் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிப் பாரத்தைக் கூட்டுவார்களாம்! பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களைப் பின்பக்கமாகக் கட்டி இழுக்கவிடும் ‘டோச்சன்’ பிரபலம். 2023 அக்டோபரில் டிராக்டர் சாகசம் செய்த இளைஞர் ஒருவர் இறந்ததும், இத்தகைய சாகசங்களுக்கு அங்கே தடை வந்தது.

பேரணாம்பட்டுப் பக்கம் உழவை டிராக்டருக்குக் கொடுத்துவிட்டு, விளையாட்டைக் காளையிடமே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் யோசனை எளிமையானது. பெரிய எஞ்சினைத் தேடாதே. பிரேக்கும் கிளட்சும் ஒழுங்காக உள்ள சின்ன, பழைய டிராக்டரில் பழகு. போட்டி டிராக்டர்களில், ஆபத்து நேர்ந்தால் எஞ்சினை நிறுத்த ஒரு சுவிட்ச் வேறு இருக்கும். காளைக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. அதனுடைய குணம்தான் சுவிட்ச். முதல் காளை வாங்குபவர் வேகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சந்தையில் என்ன பார்ப்பது?

வேலூருக்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது பொய்கை. செவ்வாய்க்கிழமை தோறும் இங்கே பெரிய மாட்டுச் சந்தை. விடியற்காலையிலேயே போய்விடுங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் காட்சிக்காகவே போகலாம். கிருஷ்ணகிரி அருகே குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை.

பல்: ‘எத்தனை பல்லு?’ என்பதுதான் சந்தையில் முதல் கேள்வி. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, கீழ்வாயில் எட்டு. இரண்டு வயதை ஒட்டிப் பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். சுமார் ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். புதியவருக்கு ஏற்றது இரண்டு பல், நான்கு பல் போட்ட இளங்காளை. உங்களோடு பழக அதற்குக் காலம் இருக்கிறது.

இனம்: ஓட்டத்துக்குப் பேர் போனது கர்நாடகத்தின் ஹல்லிகார். சாம்பல் நிறம், ஒல்லியான உடல், பின்னோக்கி எழும் நீண்ட கொம்பு. ஆனால் இனத்தின் பெயருக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். எதிரில் நிற்கும் மாட்டைப் பாருங்கள்.

கால்: சமதளத்தில் நிறுத்தி, பின்னால் நின்று பாருங்கள். நான்கு காலிலும் பாரம் சமமாக இறங்க வேண்டும். குளம்பில் வெடிப்பு கூடாது. நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நடக்கும்போது தலை ஏறி இறங்கினால், எங்கோ வலி இருக்கிறது.

மூச்சு, மூக்கு: மூக்கு ஈரமாக இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, மூச்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கவனியுங்கள். கட்டிய இடத்தில் நிதானமாக அசை போடுகிறதா என்பதும் முக்கியம்.

வால்: பலர் பார்க்க மறப்பது இது. வாலை முறுக்கியும் கடித்தும் விரட்டப்பட்ட மாட்டின் வாலில் முடிச்சும் தழும்பும் தெரியும். பயத்தால் ஓடும் காளை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

குணம்: பட்டாசுச் சத்தம் கேட்டால் என்ன செய்கிறது? புது ஆள் தொட்டால் கொம்பை ஆட்டுகிறதா? விற்பவர் வீட்டுப் பெண்கள் கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே வருகிறதா? முடிந்தால் சந்தையில் பேசி வைத்துவிட்டு, மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கே போய்ப் பாருங்கள்.

சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் நல்ல சுழிக்காக நொண்டிக் காலை மன்னித்துவிடாதீர்கள்.

எல்லைக்கு அப்பால்

காளை எல்லையைத் தாண்டியதும் கைதட்டல் முடிந்துவிடும். மாட்டுக்காரருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. மிரண்ட காளை நிற்காமல் ஓடிக் கிணற்றில் விழுந்ததும், சாலையில் அடிபட்டதும், கூட்டத்துக்குள் பாய்ந்து வேடிக்கை பார்த்தவரின் உயிரைப் பறித்ததும் செய்திகளாக வருவதுண்டு. பெயர் பெற்ற காளையைக் கடன் வாங்கி வாங்கியவருக்கு, அந்த ஒரு நாளில் காளையும் போய், கடன் மட்டும் மிஞ்சும். உங்கள் குரல் கேட்டால் நிற்கிற காளை இரண்டு நொடி தாமதமாக ஓடினாலும் பரவாயில்லை. அது வீட்டுக்குத் திரும்பி வரும்.

தீனிச் செலவையும் யோசியுங்கள். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் எல்லாம் வருஷம் முழுக்க வேண்டும். ஓட்டமோ சில நொடிகள்தான். பரிசை நம்பி வளர்த்தால் கணக்கு உதைக்கும். வீட்டில் ஒரு ஆளாக நினைத்து வளர்ப்பவர்தான் தாக்குப்பிடிக்கிறார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் விதித்த தடைக்குப் பிறகு, 2017-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதில் ஜல்லிக்கட்டோடு மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஜனவரி முதல் மே வரைதான் விழா நடத்தலாம். அரசு அனுமதி, தடுப்பு, கால்நடை மருத்துவரின் பரிசோதனை எல்லாம் கட்டாயம்.

அதனால் கிளம்புமுன் அந்த ஊர் விழாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தடுப்புக்கு வெளியே, உயரமான இடமாகப் பார்த்து நில்லுங்கள். காளை ஓடி முடிக்கும் பக்கம் குழந்தைகளோடு நிற்கவே வேண்டாம். செல்ஃபிக்காகத் தெருவில் இறங்காதீர்கள்.

காளை வாங்கும் எண்ணத்தோடு போகிறவர்கள், ஓட்டம் முடிந்து காளைகள் திரும்பும் வழியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான்கு பேர் சுற்றி வளைத்தும் அடங்காத காளைகள் வரும். கூட்டத்துக்கு நடுவே, ஒற்றை ஆள் கயிற்றைப் பிடிக்க அமைதியாக நடக்கும் காளைகளும் வரும். அந்த ஒற்றை ஆளிடம் போய்ப் பேச்சுக் கொடுங்கள்.