கணக்கில் வராத சதம்

2014 அக்டோபர் 4. குலசேகரன்பட்டினத்தில் தசரா முடிந்து, காப்பு களைந்து, வேஷம் கலைத்த பக்தர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு பெங்களூருவில் சாம்பியன்ஸ் லீக் டி20 இறுதிப்போட்டி. கொல்கத்தா 180 ரன். சுரேஷ் ரெய்னா 62 பந்தில் 109 ரன், கடைசிவரை அவுட் இல்லை! சென்னை 8 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அதுதான் அந்தத் தொடரின் கடைசி ஆட்டமாக இருக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்? 2009-ல் தொடங்கி ஆறே முறை நடந்தது. ரசிகர்களிடம் வரவேற்பு இல்லை என்று 2015 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

இப்படி வந்த சுவடு தெரியாமல் போன போட்டிகள் அமெரிக்காவில் ஏராளம். ஃப்ரிட்ஜ் தயாரிப்புக்குப் பேர்போன எவான்ஸ்வில் நகரில், கல்லூரி ஃபுட்பால் அணிகளுக்கு 'ரெஃப்ரிஜிரேட்டர் பவுல்' என்றே ஒரு போட்டி 1948 முதல் 1956 வரை நடந்தது. (நல்லவேளை, நம்மூரில் கிரைண்டர் கோப்பை வரவில்லை.)

சென்னைக்கு எத்தனை கோப்பை என்றால் சின்னப் பிள்ளையும் 'அஞ்சு' என்கிறது. 2010-லும் 2014-லும் வென்ற சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் அதில் இல்லை. ஐபிஎல் கணக்குப்படி ரெய்னாவுக்கு ஒரே ஒரு சதம். அது 2013-ல் பஞ்சாபுக்கு எதிராக அடித்தது.