வாவிக்கரையில் கொடுத்த விலை

மட்டக்களப்பு என்றதும் ‘மீன்பாடும் தேன்நாடு’ என்னும் புகழ்மொழியே பலர்க்கும் நினைவுக்கு வரும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வாவியின் இசை கேட்போர் உண்டு. பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும் அந்த ஆசை குன்றவில்லை. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தைத் தரிசித்து, தயிரும் தேனும் உண்டு, மனநிறைவோடு திரும்புவார்கள் யாத்திரிகர்கள்.

ஆனால் இவ்வூரில் கண்ணாற் காணும் அழகோடு கருத்தாற் காண வேண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. தாம் கொண்ட கிறிஸ்தவ நம்பிக்கையை ஆலயச் சுவருக்குள் அடக்கி வைக்காது, வீதிக்குக் கொண்டு வந்து வாழ்ந்த சிலர், அதற்காகக் கொடுத்த விலையின் வரலாறு அது.

வாவி சூழ்ந்த புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை நிற்கிறது. அதற்குச் சிறிது தொலைவில், மட்டக்களப்பு வாயில் அருகே, வில்லியம் ஓல்ட் என்னும் ஆங்கிலேயரின் சிலையைக் காணலாம். மெதடிஸ்த சபையின் முதற் குழுவினருள் ஒருவராக 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவர் அவர். கடற்பயணத்திலேயே அவருடைய மனைவியார் இறந்தார். குழுவின் தலைவரான கலாநிதி தோமஸ் கோக்கும் நடுக்கடலிலே உயிர் நீத்தார். 1814இல் தன்னந்தனியராக மட்டக்களப்பை அடைந்த ஓல்ட், தமிழ் பயின்றார்; சுற்றுப்புறங்களிற் பாடசாலைகள் தொடங்கினார். எட்டு மாதங்களே அவருக்குக் கிடைத்தன. நோயுற்று, 1815 ஏப்ரல் 1ஆம் நாள் மறைந்தார். அவர் வந்த ஆண்டையே தன் தொடக்கமாகக் கொண்டு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடைபெறுகிறது.

1873இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியும் எழுந்தது. காரைதீவிற் பிறந்து, பின்னாளில் இராமகிருஷ்ண சங்கத் துறவியாகி, 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகளார், இளமையில் அங்கே கல்வி கற்றவர். சைவத் தமிழுலகம் போற்றும் ஒருவருக்கு அறிவின் கதவைத் திறந்துவிட்டது ஒரு கிறிஸ்தவக் கல்லூரி என்பதை, சைவ மரபில் வந்த ஆசிரியனாகிய நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஓல்ட்டின் உயிரை வாங்கியது நோய். பின்னால் வந்தோரிடம் விலை கேட்டவர்கள் மனிதர்கள்.

போர்க்காலம் வந்தது. பிள்ளையைக் காணாத தாயும், கைது செய்யப்பட்டவனின் மனைவியும் எங்கே போவார்கள்? அதிகாரியிடம் சென்று பேசத்தக்க ஒருவரைத் தேடினார்கள். அவ்வாறு தேடி வந்தோர்க்காகப் பேசியவர் வணக்கத்துக்குரிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார். புனித மரியாள் பேராலயத்தின் பங்குத் தந்தையாகவும், மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராகவும் இருந்தார். தேடி வந்தவரின் சமயம் எது என்று பாராது குறை கேட்பது அப்பணியின் இயல்பு. 1988 ஜூன் 6ஆம் நாள், பேராலய வளவிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பூசை செய்வதோடு நின்றிருந்தால் அவர் முதுமை கண்டிருக்கலாம்.

இரண்டாண்டுகள் கழிந்தன. 1990 ஆகஸ்டு மாதம் இவ்வாவிக்கரையோரம் முழுவதும் இரத்தக் கண்ணீர் வடித்த மாதம். அம்மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்து ஏறாவூரிலும் பலர் மாண்டனர். தமிழர் ஊர்களிலும் அழுகுரல் ஓயவில்லை. வீதியில் இறங்கவே மக்கள் அஞ்சிய அந்நாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார் இயேசு சபைத் துறவியான யூஜின் ஹேபியர் அடிகளார். அமெரிக்காவின் லூசியானாவிற் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்தவர். புனித மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்திற் புகழ்பெறச் செய்தவர். இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளித்தவர். ஆகஸ்டு 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஸ்கூட்டரின் பின்னே ஓர் இளைஞனை ஏற்றிக்கொண்டு சென்றார். ஏறாவூர்ப் பக்கத்தில் இருவரும் காணாமற் போயினர். அவர்கள் வீடு திரும்பவேயில்லை.

மரணத்துக்கு ஒரு கல்லறையாவது உண்டு. காணாமற் போனவருக்கு அதுவும் இல்லை. இவ்வூரின் எத்தனையோ தாய்மார் சுமந்த அதே துயரத்தை, அவர்களுக்குத் துணை நின்ற திருச்சபையும் சுமந்தது.

அதே 1948இல் வந்த மற்றொரு அமெரிக்கர் பென் மில்லர் அடிகளார். அவர் கொடுத்த விலை வேறு வகையானது. நண்பரை இழந்த பின்னும் அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. சமாதானக் குழுவில் அமர்ந்து, காணாமற் போனோரைப் பற்றி உறவினர் சொன்னவற்றைக் கேட்டு எழுதி வைத்தார். போர் முடிந்த 2009இல் தாய்நாடு சென்றார். ஆயினும் நெடுநாள் தங்காது மட்டக்களப்புக்கே மீண்டார். 2019 ஜனவரி 1ஆம் நாள், 93ஆம் வயதில், இவ்வூரிலேயே கண்மூடினார். ஒரு மனிதன் தன் பிறந்த மண்ணையே காணிக்கையாக வைப்பதும் சிறிய கொடையன்று.

அவர் மறைந்து நான்கு மாதம் நிறையுமுன் மற்றொரு பேரிடி விழுந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்த சிறுவர்கள் வெளிமுற்றத்தில் நின்றிருந்தார்கள். முதுகிற் பையோடு வந்த அந்நியன் ஒருவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் நிறுத்தி விசாரித்தார். ஆலயத்தினுள்ளே செல்ல விடவில்லை. வெளியிலேயே குண்டு வெடித்தது. தடுத்தவரும் மாண்டார். ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 14 பேர் சிறுவர்கள். உள்ளே நிறைந்திருந்த பலர் அவருடைய துணிவினாற் பிழைத்தார்கள்.

அவர் துறவியல்லர், குடும்பத்தவர். சந்திரா அடிகளாரும் ஹேபியர் அடிகளாரும் ஆபத்தை அறிந்தே வழி நடந்தவர்கள். அச்சிறுவரோ யாதும் அறியாதவர். புத்தாடை உடுத்திப் பண்டிகைக்கு வந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவர். ஆகவே இவ்விலையைத் தியாகம் என்ற ஒரே சொல்லால் மூடிவிடுதல் நியாயமன்று. சிலர் தாமே கொடுத்தனர், சிலரிடமிருந்து பறிக்கப்பட்டது.

நெற்றியில் நீறணிந்து கல்லூரி வகுப்பறைக்குட் செல்லும் எனக்கு, என் சமயத்தை வெளிப்படையாகக் கைக்கொண்டதனால் இதுகாறும் ஒரு நட்டமும் நேர்ந்ததில்லை. அயலவனுக்கும் அந்நிம்மதி வாய்க்க வேண்டும் என்று வேண்டுவதே என் சமயத்துக்கு நான் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன். அவன் ஆலய மணியோசைக்கும், பள்ளிவாசலின் பாங்கொலிக்கும், நம் கோயிற் சங்கொலிக்கும் காவல் ஒன்றே: பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணம்.

மட்டக்களப்புக்குச் செல்லும் அன்பர்கள் வாவியின் இசையைத் தவறாது கேட்கட்டும். மறுநாட் காலையில் புளியந்தீவு வீதிகளில் நடந்து, ஓல்ட்டின் சிலையையும், மரியாள் பேராலயத்தையும், சீயோன் தேவாலயத்தையும் கண்டு, அங்கே சற்று மௌனமாக நிற்கட்டும். எச்சமயத்தவராயினும் அம்மௌனம் அவர்க்கும் உரியதே.