ஒரே பாறை, இரண்டு சட்டம்: ஷேல் எரிவாயு எல்லையில் பால் பண்ணைக் கிராமங்கள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் பிங்காம்டன். அங்கிருந்து 81-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போனால், அரை மணி நேரத்துக்குள் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவெஹன்னா மாவட்டம் வந்துவிடும். வழியெல்லாம் தாழ்வான குன்றுகள், மேப்பிள் மரங்கள், மக்காச்சோள வயல்கள், மாட்டுக் கொட்டகைகள். நடுவில் சஸ்குவெஹன்னா ஆறு. நியூயார்க்கிலிருந்து இந்த மாவட்டத்துக்குள் வரும் ஆறு, பெரிய வளைவு ஒன்று போட்டுவிட்டுத் திரும்பவும் நியூயார்க்குக்கே போகிறது. வளைவில் இருக்கும் ஊருக்குப் பெயரே 'கிரேட் பெண்ட்', அதாவது பெரிய வளைவு.

ஆறு மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. பூமிக்கு அடியில் ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கும் 'மார்செல்லஸ்' என்ற ஷேல் பாறையும் அப்படித்தான். அந்தக் கரும்பாறைக்குள் எரிவாயு அடைபட்டிருக்கிறது. ஆனால் தரையின் மேல் நிலைமை வேறு. எல்லைக்குத் தெற்கே குன்றுகளைச் சமன்படுத்திய சில ஏக்கர் பரப்புள்ள சரளைத் திடல்கள், வேலிக்குள் எரிவாயுக் கிணறுகள், தொட்டிகள், குழாய்கள். வடக்கே இத்தகைய ஷேல் எரிவாயுத் திடல்கள் இல்லை. மண், மழை, மாடு எல்லாம் ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு.

பாறையை எப்படி உடைக்கிறார்கள்?

முதலில் செங்குத்தாகத் துளையிடுகிறார்கள். ஷேல் பாறையை எட்டியதும் துளையைப் படுக்கைவாட்டில் திருப்பி, ஒரு மைல் தூரமோ அதற்கு மேலோ கொண்டுபோகிறார்கள். பிறகு தண்ணீர், மணல், ரசாயனம் கலந்த கலவையை மிக அதிக அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பாறையில் மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்க, எரிவாயு மேலே வருகிறது. இதற்குத்தான் ஃப்ராக்கிங் என்று பெயர்.

ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் தேவை. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் மூன்று ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் பாயும் தண்ணீரும் ஏறக்குறைய அவ்வளவுதான். அளவைவிடப் பெரிய வேறுபாடு, வயலுக்குப் பாய்ந்த நீரில் ஒரு பங்கு நிலத்தடிக்கோ வாய்க்காலுக்கோ திரும்பிவிடும் என்பது. ஃப்ராக்கிங் நீரில் பெரும்பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. திரும்பி வருவதோ கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பாக, ஆழப்பாறையின் கதிரியக்கப் பொருளான ரேடியத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. அதை வயலிலும் விட முடியாது, ஆற்றிலும் விட முடியாது. ஒரு பகுதியை அடுத்த கிணற்றில் மறுபடி பயன்படுத்துகிறார்கள். மீதியில் பெருமளவு லாரியில் ஒஹையோ மாநிலத்துக்குப் போய், ஆழ்கிணறுகளில் இறக்கப்பட்டிருக்கிறது. ரசாயனத்தின் பங்கு நூற்றில் ஒன்றுதான் என்றாலும், ஒன்றரைக் கோடி லிட்டரில் அது ஒன்றரை லட்சம் லிட்டர்.

டிமாக் சொல்லும் பாடம்

மாவட்டத் தலைநகரான மாண்ட்ரோஸிலிருந்து 29-ஆம் எண் சாலையில் தெற்கே கொஞ்ச தூரத்தில் டிமாக் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். பால் பண்ணையும், நீலக்கல் வெட்டும் குவாரிகளும்தான் இந்தப் பக்கத்துப் பழைய பிழைப்பு. வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு.

2009 ஜனவரி 1 அன்று, இங்கே ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணற்றில் தேங்கிய மீத்தேன் வெடித்து, மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகையைத் தூக்கி எறிந்தது. மைல் ஆழத்தில் விழுந்த விரிசல் வழியாக வாயு குடிநீருக்கு வந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறை சுட்டிக்காட்டியதோ வேறு இடத்தை. எரிவாயுக் கிணறுகளின் கேசிங் பைப்பும், அதைச் சுற்றிப் போட்ட சிமெண்டும் சரியில்லை. அந்த இடுக்கு வழியாக, நடு ஆழத்தில் இருந்த மீத்தேன் மேலேறிக் குடிநீர்க் கிணறுகளுக்குள் புகுந்தது. போர்வெல் போட்ட எவருக்கும் இது புரியும்: கேசிங் சரியாக உட்காராவிட்டால் மேல் நீரும் கீழ் நீரும் கலந்துவிடும்.

நிறுவனம் இதை ஏற்கவில்லை. இந்தப் பகுதிக் கிணறுகளில் மீத்தேன் இயற்கையாகவே உண்டு என்றது. அதிலும் ஓரளவு உண்மை இருந்ததுதான் சிக்கல். துளையிடும் முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்ட, பல குடும்பங்களிடம் பரிசோதனைச் சீட்டு இல்லை. நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2012-ல் தண்ணீரைச் சோதித்து, மேல்நடவடிக்கை தேவையில்லை என்றது. நடுவண் அரசின் மற்றோர் உடல்நல அமைப்பு 2016-ல், அதே கிணறுகளில் சிலவற்றின் நீர் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்றது. 2020-ல் மாநில அரசு குற்றவழக்குப் போட்டது. 2022 நவம்பரில் நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் அமைக்க 1.6 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. கிணறு வெடித்து ஏறக்குறைய 14 ஆண்டு கழித்து வந்த முடிவு அது.

இடையில் சட்டம் கொஞ்சம் மாறியது. எரிவாயுக் கிணற்றிலிருந்து 1,000 அடிக்குள், 6 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால், நிறுவனமே காரணம் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. ஷேல் கிணறுகளுக்கு 2012-ல் அதை 2,500 அடி, 12 மாதம் என்று நீட்டினார்கள். நிரூபிக்க வேண்டிய சுமை விவசாயியிடமிருந்து நிறுவனத்துக்கு மாறியது.

பணம் யாருக்கு வந்தது?

அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் உள்ள கனிமமும் பொதுவாக நில உரிமையாளருக்கே சொந்தம். அதைத் தனியே விற்கவும் முடியும். முன்னோர் எப்போதோ கனிம உரிமையை விற்றிருந்தால், இன்று மேல்மண் மட்டுமே கையில் இருக்கும்.

2006 வாக்கில் முகவர்கள் வந்தபோது, டிமாக்கில் ஏக்கருக்கு 25 டாலர் முன்பணத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில், அந்த வட்டாரத்தில் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசிய விவசாயிகளுக்கு ஏக்கருக்குச் சில ஆயிரம் டாலர் கிடைத்தது. ராயல்டி குறைந்தது எட்டில் ஒரு பங்கு என்று மாநிலச் சட்டம் சொன்னது. ஆனால் எரிவாயுவைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. 'கழிவு கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் தப்பினார்கள்.

கடனை அடைத்து, கொட்டகையைப் புதுப்பித்தவர்களும் இருக்கிறார்கள். மாட்டை விற்றுவிட்டுப் பண்ணையை மூடியவர்களும் இருக்கிறார்கள். 200 ஏக்கர்காரருக்கு வந்த பணம் பக்கத்து வீட்டு இரண்டு ஏக்கர்காரருக்கு வரவில்லை. லாரிப் புழுதியும் இரைச்சலும் இருவருக்கும் வந்தன.

எல்லைக்கு வடக்கே வேறு மனக்குறை. நியூயார்க் அரசு 2014 டிசம்பரில் ஃப்ராக்கிங்கைத் தடுத்தது. 2020-ல் அது சட்டமானது. அதற்கு முன்பே, டிரைடன் என்ற ஊராட்சி தன் எல்லைக்குள் போட்ட தடை செல்லும் என்று மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2014 ஜூனில் சொல்லியிருந்தது. தண்ணீர் தப்பியது என்று மகிழ்ந்தவர்கள் பலர். பால் விலை கட்டாமல் தவித்த பண்ணைக்காரர்களுக்கோ கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எல்லையோர ஊராட்சிகள் சில, பென்சில்வேனியாவோடு சேர்ந்துவிடலாமா என்றுகூட 2015-ல் பேசின.

காவிரிப் படுகைக்கு என்ன?

இந்தியாவில் நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் அரசுக்குச் சொந்தம். நில உரிமையாளருக்கு ராயல்டி கிடையாது. தமிழ்நாடு அரசு 2020-ல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் ஷேல் எரிவாயு உட்படப் புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. அத்தகைய கிணறுகளுக்குப் பக்கத்தில் நிலம் இருப்பவர்களுக்கு டிமாக்கின் அனுபவம் நேராகப் பயன்படும்.

தண்ணீர் நன்றாக இருக்கும்போதே சோதித்து வைக்க வேண்டும். குடிநீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும், பாசன நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும் கொடுத்துப் பார்க்கலாம். தேதி போட்ட அந்தச் சீட்டைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது. வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.