சுளுக்கு என்றுதான் நினைத்தேன்

என் பெண்ணுக்கு 9 வயதில் மூட்டு வாதம் வந்தது. "குழந்தைக்குப் போய் வாதமா?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. வேறு காரணம் தென்படாமல் 6 வாரத்துக்கு மூட்டு வீங்கியே இருந்தால், 16 வயதுக்குள்ளும் இது வருமாம். முழங்கால், மணிக்கட்டு என்று பார்த்துப் பார்த்துக் கவனித்தேனே தவிர, கழுத்துக்கும் மூட்டு உண்டு என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

12 வயதில், சடை பின்னும்போதெல்லாம் "மெதுவாம்மா" என்பாள். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புவாள். "சுளுக்குத்தான். தெருக்கோடி ஆயா ஒரு சொடுக்குப் போட்டா சரியாப் போயிடும்" என்றார் என் மாமியார். எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பியும் விட்டேன். ஆயா ஊரில் இல்லை. பிள்ளையார்தான் அவளை வெளியூர் அனுப்பினார் என்று இன்றைக்கும் நினைத்துக் கொள்கிறேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. குனிந்தபடி ஒன்று, நிமிர்ந்தபடி ஒன்று என எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக வைத்து எடுத்தால் கோளாறு தெரியாமலே போகலாமாம்.

கழுத்தெலும்பு 7. முதலாவது வளையம், இரண்டாவதிலிருந்து ஒரு முளை எழும்பி அதற்குள் நிற்கிறது, திருகைக்கல் நடுவே முளை நிற்பதுபோல. இரண்டையும் பிடித்துக் கட்டியிருப்பது ஒரு தசைநார். வாதம் அதைத் தளர்த்திவிட்டால் வளையம் நழுவுகிறது. முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம்! நடுவிலுள்ள இடைவெளி சிறு பிள்ளைகளுக்கு 5 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 3, அதற்கு மேல் போகக்கூடாது. இவளுக்கு 6.

"நல்ல வேளைம்மா, யாரும் கழுத்தைத் திருகலை" என்றார் டாக்டரம்மா. எனக்குக் கை நடுங்கியது.

ஆபரேஷன் வரை போகவில்லை. மருந்தை மாற்றினார்கள், பள்ளியில் குட்டிக்கரணம் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். விரல் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, குனிந்தால் முதுகில் ஷாக் அடித்தாற்போல் இருந்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி நான் கேட்பதற்குள் "ஒண்ணுமில்லேம்மா" என்று அவளே சொல்லிவிடுவாள்.

போன வருஷம் குடல்வால் ஆபரேஷன். மயக்கம் கொடுத்ததும், குழாய் விடத் தலையைப் பின்னால் சாய்ப்பது வழக்கமாம். நான் முந்திக்கொண்டு எக்ஸ்ரேயை நீட்டினேன். மயக்க டாக்டர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அசைக்காமலே விடறேன்" என்றார். காமிரா பொருத்திய மெல்லிய குழாயை வரவழைத்தார். பைலின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், "கழுத்து ஜாக்கிரதை" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.