கரண்ட் வந்துடுச்சு!



"த்ரீ பாயிண்ட் ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் எதற்கு?" மின்னியல் துறைக்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். "கரண்ட் போனால் கைப்பிடி ஆஃப் நிலைக்குத் திரும்பிவிடும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடாது." நானும் படம் போட்டு, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கியவன்தான். ஆனால் அது எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை, எங்க வீட்டுக் கொல்லையில்!

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். விழுந்த தென்னைகளை அறுக்க ஊரெல்லாம் பெட்ரோல் மிஷின்கள் அலறின. அறுக்காமல் சும்மா வைத்திருந்தாலும் அது 'டபடப'வென்று உறுமும். பயந்து தள்ளியே நிற்போம்.

அந்தப் புயலில் சாய்ந்து, விழாமல் நின்ற வேப்பமரம் போன மழையில் விழுந்தது. சித்தப்பா எங்கிருந்தோ எலெக்ட்ரிக் செயின் சா ஒன்றை இரவல் வாங்கி வந்தார். "நீதான் கரண்டுக்குப் படிக்கிறியே, அறுடா பாப்போம்" என்றார். விடுவேனா!

அந்த மிஷினில் இரண்டு விசை. மேலே உள்ள லாக் பட்டனை அமுக்கிக்கொண்டு கீழ் விசையை இழுத்தால்தான் செயின் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும். அரை மணி நேரத்தில் விரல் வலித்தது. என் மூளை வேலை செய்தது. இன்சுலேஷன் டேப்பை எடுத்து இரண்டையும் சேர்த்து இறுக்கிச் சுற்றிவிட்டேன். பிளக்கைச் சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். என்ன ஒரு கண்டுபிடிப்பு!

திடீரென்று கரண்ட் போனது. மிஷினைத் தரையில் வைத்தேன். செயின் தொளதொளவென்று தொங்கியது. சரி, இறுக்கிவிடலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிஷினிடம் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. செத்த பாம்பு மாதிரி கிடந்தது. பிளக் ஞாபகமே வரவில்லை. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

"டேய், காப்பி ஆறுது பாரு" என்று அப்பாயி கூப்பிட்டது. எழுந்து போனேன். இரண்டு மடக்குக் குடித்திருப்பேன். வீட்டுக்குள் ஃபேன் சுற்றியது. கொல்லையில் 'வீர்ர்' என்று ஒரு சத்தம். மிஷின் தானாக ஓடி, சேற்றில் துள்ளி, என் செருப்பைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம் அந்த டேப்பைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இதுக்கா தம்பி படிக்கிறே?" அவ்வளவுதான் கேட்டார். அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நண்பர்களே, அந்த விசையில் இருக்கிற ஸ்பிரிங்தான் அந்த மிஷினின் நோ வோல்ட் காயில். அதை நான்தான் டேப் போட்டுக் கட்டி வைத்தேன். பெட்ரோல் மிஷின் உறுமிப் பயம் காட்டும். கரண்ட் மிஷின் சத்தமில்லாமல் காத்திருக்கும்.

இப்போது நான் எப்படி அறுக்கிறேன் தெரியுமா? கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. செயினை இறுக்க, துடைக்க, எண்ணெய் ஊற்ற எதற்கானாலும் அப்படித்தான். கீழே வைக்குமுன் முன்கைக் காப்பை முன்னால் தள்ளிப் பிரேக் போடுகிறேன். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியிருக்கும். பட்டையின் நுனி, அதிலும் மேல்பாதி, மரத்தில் படவிடுவதில்லை. பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதில்லை, ஏணியில் ஏறுவதில்லை. ஒயர் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். 2000 வாட் மிஷின் 9 ஆம்பியர் வரை இழுக்கும், பந்தல் லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயர் சூடேறி உருகிவிடும். 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் சொருகுவதில்லை. மழை ஈரத்தில் தொடுவதே இல்லை. கைலி கட்டிக்கொண்டு அறுப்பதும் இல்லை!

அறுபட்ட அந்தச் செருப்பை அப்பாயி தூக்கிப் போட விடவில்லை. கொல்லைக் கதவில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறது. ஸ்பேனரோடு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தால்..? விடையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் அரியர் எழுத முடியாது!

- இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை