பேரனுக்கு முதல் பைக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஈசி சேரில் கண்ணயரப் போன நேரத்தில் மகளிடமிருந்து போன்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வந்து இவனுக்குப் புத்தி சொல்லுங்க. பைக் வேணுமாம். அதுவும் ரேஸ் பைக்காம்."

பின்னாலிருந்து பேரனின் குரல் கேட்டது. "ரேஸ் பைக் இல்லைம்மா, ஸ்போர்ட்ஸ் பைக்!"

அவனுக்கு வயது 19. காலேஜில் இரண்டாம் வருஷம். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. கேட்பது கேடிஎம் ஆர்சி 390. மகள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. என் தம்பி, அதாவது அவளுடைய சித்தப்பா, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அந்தக் கால் போனது ஒரு பைக்கால். பைக் என்னுடையது.

சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனேன். பையன் லேப்டாப்போடு தயாராக உட்கார்ந்திருந்தான்.

"அப்பிச்சி, இதைப் பாருங்க. 373 சிசி. 43 பிஎஸ்சுக்கு மேல பவர். டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கு. வளைவுல சாய்ஞ்சிருக்கும்போதும் வேலை செய்யற ஏபிஎஸ் இருக்கு. உங்க காலத்து வண்டி மாதிரி இல்லைங்க அப்பிச்சி, இது ரொம்ப சேஃப்."

அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை. "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால் அவன் காதை மூடிக்கொள்வான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒரு கேள்விதான் கேட்டேன். "லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு எந்த வண்டியில எட்டுப் போட்டே கண்ணு?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டி. 100 சிசி."

நம் ஊரில் இதுதான் நிலைமை. 100 சிசியில் எட்டுப் போட்டு வாங்கிய அதே அட்டையைக் காட்டி 1000 சிசி வண்டியும் ஓட்டலாம். ஐரோப்பாவில் அப்படி விடமாட்டார்கள். முதல் படியில் 125 சிசி, 11 கிலோவாட் வரைதான். கிட்டத்தட்ட 15 குதிரைத்திறன். அதற்கு மேலே 35 கிலோவாட் வரை ஒரு படி. பெரிய வண்டிகள் அதற்கும் பிறகு. பேரன் கேட்கிற வண்டி அங்கே இரண்டாம் படியில் வரும். இங்கே சட்டம் படி வைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் வைக்க வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1988-ல் நான் யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். அந்த வண்டி இந்தியச் சந்தைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். இன்றைய பிள்ளைகள் 11 என்றால் சிரிப்பார்கள். ஆனால் வண்டியின் எடையே நூறு கிலோ சுமார்தான். டிவிஎஸ் 50-இல் ஆபீஸ் போய் வந்தவனுக்கு அது குதிரை இல்லை, புலி. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முதலில் சாதுவாகப் போகும். எஞ்சின் ஒரு வேகத்தைத் தொட்டதும் திடீரென்று பிய்த்துக்கொண்டு கிளம்பும். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி எஞ்சின் பிடித்து நிறுத்தாது. இதெல்லாம் எனக்குப் பழக ஒரு மாதம் பிடித்தது.

தம்பிக்கு அப்போது 22 வயது. அவனுக்கு டிவிஎஸ் 50 மட்டும்தான் தெரியும். கியர் வண்டியை எங்கள் வீதியில் நாலு தடவை ஓட்டியிருப்பான், நான் பின்னால் உட்கார்ந்திருக்க. ஒரு நாள் பேரூரைத் தாண்டிச் சிறுவாணி ரோட்டில் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு வளைவில் லாரியிலிருந்து சிந்திய மணல். சாய்ந்து திரும்பும்போது மணலைப் பார்த்துவிட்டு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். முன் சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி அவன் கால்மேல் விழுந்து இழுத்துக்கொண்டு போனது. இரண்டு ஆபரேஷன். எட்டு மாதம் படுக்கை. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து உடல் தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தவன். அதோடு அந்தக் கனவு முடிந்தது.

"அண்ணன் வண்டியைக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்." எங்கள் வீட்டில் 37 வருஷமாக இந்தக் கதைதான் சொல்லப்படுகிறது. அம்மா சாகும்வரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். என் மகளும் அப்படியே கேட்டு வளர்ந்தாள். இப்போது தன் மகனுக்கும் அதையே சொன்னாள்: "கேக்காம வண்டி எடுத்ததுக்குச் சித்தப்பாவுக்கு என்ன ஆச்சு, பாத்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மை வேறு. அன்றைக்குக் காலையில் அவன் என்னிடம் கேட்டான். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆணியில மாட்டியிருக்கு, எடுத்துக்கோ" என்றேன். வளைவில் எப்படித் திருப்புவது, மணலைக் கண்டால் என்ன செய்வது, எந்த பிரேக்கை எப்போது பிடிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா, "கேக்காம எடுத்தியாடா?" என்று கத்தினபோது தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடமும் பேரனிடமும் இதைச் சொன்னேன். சொல்லும்போது கை நடுங்கியது. மகள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பேரன் லேப்டாப்பை மூடி வைத்தான்.

"அப்ப பைக் வேண்டாங்கறீங்களா அப்பிச்சி?"

"அப்படிச் சொல்லலை சாமி. சொல்லித் தராம சாவியைக் குடுக்க மாட்டேங்கறேன்."

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். நான் பார்த்த கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பேரனோ பேத்தியோ இதே கேள்வியோடு வருவார்கள்.

முதலில் கால். வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் உறுதியாகப் பதிகிறதா? புதியவன் விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை. சிக்னலில், யூ டர்னில், மேட்டில் நிற்கும்போது. ஆர்சி 390 170 கிலோவுக்கு மேல். பக்கத்தில் யமஹா ஆர்15: 155 சிசி, 18.4 பிஎஸ், 140 கிலோ சுமார். அந்த முப்பது கிலோ ஓடும்போது தெரியாது, சாயும்போது தெரியும்.

இரண்டாவது கை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் தாழ்வாக இருக்கும். உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். அப்படிக் கையை ஊன்றி உட்கார்ந்தால் பள்ளத்தில் விழும்போது தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டர் திருகிக்கொள்ளும். 18 பிஎஸ் வண்டி அந்தத் தவறை மன்னிக்கும். 43 மன்னிக்காது. வயிற்றாலும் தொடையாலும் பிடித்து உட்காரப் பழகிய பிறகுதான் கை லேசாகும்.

மூன்றாவது காசு. முதல் வருஷத்தில் வண்டி ஒரு தடவையாவது கீழே விழும். பக்கவாட்டு ஃபேரிங் முழுக்கப் பிளாஸ்டிக்; நின்ற இடத்தில் சாய்ந்தாலே செலவு. அதனால் முதல் வண்டி பழைய வண்டியாக இருப்பது நல்லது. இன்சூரன்ஸிலும் 350 சிசியைத் தாண்டினால் மூன்றாம் நபர் பிரீமியமே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

நான்காவதுதான் பெரியது. மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடிக்கு 20 மீட்டர். நாய் குறுக்கே வந்ததை மூளை உணர்ந்து கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 20 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், நல்லதுதான். தம்பி வண்டியில் அது இருந்திருந்தால் ஒருவேளை கால் தப்பியிருக்கும். ஆனால் மணலில் டயருக்குப் பிடிப்பே இல்லாதபோது எந்தக் கம்ப்யூட்டரும் பிடிப்பை உண்டாக்கித் தராது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிற புத்தி ஓட்டுகிறவனிடம்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனிடம் மன்னிப்புக் கேட்பதென்றும் முடிவு செய்திருந்தேன். உள்ளே நுழைந்ததும், "பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்டா" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"இப்பத்தான் சொல்லத் தோணுச்சாண்ணா? அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். என்னிடம் பதில் இல்லை. பிறகு அவன் பேரன் பக்கம் திரும்பினான்.

"நான் எப்படி விழுந்தேன் தெரியுமா? மணலையே பாத்துட்டு இருந்தேன். கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும். ரோடு எங்க போகுதோ அங்க பாரு. மணலைப் பாக்காதே."

இத்தனை வருஷத்தில் அந்த விபத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது.

இப்போது ஏற்பாடு இதுதான். மூன்று மாதம் அவன் அப்பாவின் 125 சிசி வண்டியில் காலேஜ் போய் வர வேண்டும், மழையிலும். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட முழு முக ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ எல்லாம் வண்டிக்கு முன்பே வாங்கியாக வேண்டும். அதற்கு என் பென்ஷனிலிருந்து பணம். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் பயிற்சிக்கும் நானே கட்டுகிறேன். வேகம் பார்க்க ஆசை இருந்தால் எதிரே லாரி வராத இடத்தில் பார்க்கட்டும். அதன் பிறகு ஒரு பழைய ஆர்15. இரண்டு வருஷம் விழாமல் ஓட்டினால் 390 பற்றிப் பேசலாம்.

பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் ஒத்துக்கொண்டான். மகள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பைக்குக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் போன வாரம் சித்தப்பா வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தாளாம். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று ஒரு ஆர்15 பார்க்கப் போனோம். நாலு வருஷத்து வண்டி, நீல நிறம். தம்பியும் வந்திருந்தான். குனிந்து டயரைத் தடவிப் பார்த்தான், செயினை இழுத்துப் பார்த்தான், ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"வண்டி பரவாயில்லை. சத்தந்தான் பத்தலை. என்ன இருந்தாலும் நம்ம ஆர்எக்ஸ் மாதிரி வருமாண்ணா?" என்றான்.

நம்ம ஆர்எக்ஸ் என்றான்.