கடைசிப் பந்தி

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் நான்கு நண்பர்கள் சாப்பிடுவார்கள். 2008ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம். ஒருவர் வங்கிக் காசாளர். ஒருவர் நாகர்கோவிலில் மின்பொருள் கடை வைத்திருக்கிறார். ஒருவர் என் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். நான்காமவர் கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளி ஆசிரியர். மற்ற மூவரும் கையை வீசிக்கொண்டு வரும்போது, அவர் மட்டும் அன்று கரைக்கு வந்த மீனோடு மாலை ஐந்து மணிக்கே வந்துவிடுவார். ஏழரை மணிக்கு ஒருவர் ஒரு சிறுகதையை உரக்கப் படிப்பார். கதை முடிவதற்கும் சாப்பாடு தயாராவதற்கும் சரியாக இருக்கும். உண்டுகொண்டே அந்தக் கதையின்மேல் சண்டை போடுவோம். இலக்கிய வட்டம் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் துணிச்சல் எங்களுக்கு வரவில்லை. 'சனிக்கிழமைச் சோறு' என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

விருந்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாஞ்சில் நாட்டு விருந்து வேறு. அது ஆக்குப்புரையில் முந்தின இரவே தொடங்குவது. நீள இலையில் பருப்பும் நெய்யும் பப்படமும், அவியலும் எரிசேரியும் துவரனும், சாம்பாரும் ரசமும் புளிசேரியும், இரண்டு பாயசமும், அவற்றோடு கதலியோ மட்டியோ ஒரு பழமுமாக வந்து நிறைவது. அதைப் பற்றி எழுத வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வீட்டில் அன்றாடம் ஆக்கும் இரவுச் சோற்றைப் பற்றி.

அதில் இரண்டு மூன்று வகைகளுக்கு மேல் இருக்காது. சாளை கிடைத்த நாளில் புளிமுளம். தேங்காயையும் வத்தலையும் மல்லியையும் அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, புளியைக் கரைத்துவிட்டு, மண்சட்டியில் கொதிவரும்போது மீனை இடுவார்கள். மாங்காய்க் காலமென்றால் புளிக்குப் பதிலாக மாங்காய்த் துண்டுகள். பிறகு கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது. சட்டியை இருகையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். அன்றைய குழம்பைச் சோற்றுக்கும், மிச்சத்தை மறுநாள் தோசைக்கும் என்று ஒதுக்குவது முறை. மறுநாளைய குழம்பே மேலானது என்பது கடற்கரை நண்பரின் கட்சி. அதில் எனக்கும் உடன்பாடுதான்.

இன்னொரு நாள் மரச்சீனிக் கிழங்கு. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களில் ஊக்குவித்துப் பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது இந்த மண்ணின் வயிற்றைக் காத்தது அதுவே. அவித்து, மசித்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்தால் போதும். பக்கத்தில் கொஞ்சம் மீன்கறி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மீன் கிடையாது. அப்போது சம்பா அரிசிக் கஞ்சி, அவித்த சிறுபயறு, தேங்காய்த் துவையல், கனலில் சுட்ட பப்படம். நான் சிறுவனாக இருந்தபோது கஞ்சியைப் பிலாவிலையை மடித்து ஈர்க்கில் குத்திய கரண்டியால்தான் கோரிக் குடிப்போம். அந்த இலையின் பச்சை மணமும் கஞ்சியின் சூடும் கலந்து எழும் வாசனையை எவர்சில்வர் கரண்டி ஒருநாளும் தந்ததில்லை.

நண்பர்களோடு உண்ணும்போது இந்த எளிய சோறு வேறொன்றாகிவிடுகிறது. தனியே உண்கையில் கவனத்துக்கு வராத உப்பும் புளியும் நாலுபேர் பாராட்டும்போது துலங்குகின்றன. அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்று கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறப்பாட்டை (182) ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். எங்கள் வீட்டுச் சனிக்கிழமையை மனத்தில் வைத்துக்கொண்டே நடத்துவேன். அந்தப் பெருமிதம் எனக்கு இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

*

இந்த வழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். கூடப் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் அவருக்கு உயிர்நண்பர். மாலையில் பேச்சு நீண்டால் அவர் இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைசிப் பேருந்தில் போவார். அவருடைய தகப்பனார் எங்கள் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாத காலத்தில் வாழ்ந்தவர். சாப்பாடு படிப்புரையில்தான்; வாழையிலையில்தான். அப்பாவும் அவருக்குத் துணையாகப் படிப்புரையிலேயே இலை போட்டு உட்காருவார். அவர் போனபின் பாட்டி சாணம் கரைத்து அந்த இடத்தை மெழுகுவாள். எச்சில் இடத்தைத் துடைப்பது வழக்கம்தானே என்று நான் நினைத்திருந்தேன். மற்ற விருந்தினர் உண்ட இடத்தை வெறும் தண்ணீர் தொட்டுத் துடைப்பதோடு பாட்டி விட்டுவிடுவாள் என்பதை நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்திருந்தாள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஐப்பசி மழை. படிப்புரைக்குள் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "அண்ணாச்சி, சாரல் அடிக்கு. உள்ளே வாருங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பாட்டியைப் பார்த்தார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா அறைக்குள் இரண்டு கும்பாக்களை வைத்துக் கஞ்சி விளம்பினாள். இலையில் கஞ்சி நிற்காதல்லவா! அன்று பயறும் பப்படமும் வெஞ்சனம். அதன்பின் மழை இல்லாத நாட்களிலும் அவர் உள்ளேதான் உண்டார். ஒருமுறை உள்ளே வந்தவரை வெயில் அடிக்கிறது என்று வெளியே அனுப்ப முடியுமா?

அம்மா சாரலின் மேல் பழியைப் போட்டு ஒரு காரியத்தை முடித்துவிட்டாள். பின்னாட்களில் அப்பா இதைத் தன் சீர்திருத்தமாகப் பலரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அம்மா மறுத்ததில்லை.

இந்த மண்ணில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உண்பது எளிதில் கைகூடிய ஒன்றாக இருக்கவில்லை. திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் வைத்துப் பிராமணர்களுக்கு மட்டும் அரசுச் செலவில் சோறிட்ட நாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) எல்லோரும் நீராடுவதற்கு முத்திரிக் கிணற்றையும், எல்லோரும் சேர்ந்து உண்பதற்குச் சமபந்தியையும் ஏற்படுத்தினார். 1917இல் கொச்சிப் பகுதியின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஒடுக்கப்பட்டவர்களோடு ஒரே பந்தியில் உண்டு 'மிஸ்ரபோஜனம்' நடத்தினார். 'புலையன் அய்யப்பன்' என்று அவரை ஏசினார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். மலைக்கு அப்பால், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவராக நாம் படிக்கும் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவிட்டது 1924-25இல் பெரும் பூசலாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். இரண்டு சிறுவர்கள் எங்கே உட்கார்ந்து உண்கிறார்கள் என்ற கேள்வி ஒரு மாகாணத்தின் அரசியலையே அசைத்தது.

இவற்றையெல்லாம் நான் வகுப்பில் விரிவாகச் சொல்வேன். எங்கள் சனிக்கிழமை வட்டத்தில் நான்கு சாதியும் இரண்டு மதமும் உண்டு என்பதையும் பெருமையாக எண்ணிக்கொள்வேன். பந்தி நேராகிவிட்டது என்பது என் நம்பிக்கை.

*

நாஞ்சில் நாடனுக்கு 2010ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, எங்கள் ஊர்க்காரர் என்ற உரிமையில் சில வாரங்கள் அவர் கதைகளையே படித்தோம். ஒரு சனிக்கிழமை 'விரதம்' என் முறைக்கு வந்தது. 1975இல் வெளிவந்த அவருடைய முதல் கதை அது. அமாவாசை விரதம் இருக்கும் ஒரு முதியவர் மகள்களின் வீடுகளுக்குப் போகிறார். ஒருத்தி வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று இன்னொருத்தி நினைத்துக்கொள்கிறாள். தான் சாப்பிடவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அன்று தோசையும் மீன்கறியும். நான் பாதிவரை படித்திருந்தபோது என் மனைவி தட்டுகளை வைக்க வந்து, நிலைப்படியில் சாய்ந்து சற்று நேரம் கேட்டாள். கல்லில் தோசை தீயும் வாசனை வரவே உள்ளே ஓடினாள். நாங்கள் கதையை முடித்தோம், உண்டோம், வட்டார வழக்கைப் பற்றியும் சிறுகதையின் முடிவைப் பற்றியும் பத்து மணிவரை பேசினோம். தோசை ஒவ்வொன்றாகச் சூடாக வந்துகொண்டிருந்தது. காசாளர் ஏழு தின்றார்.

நண்பர்களை வழியனுப்பிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அவள் மாவுப் பாத்திரத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "நீங்க வாசிச்சீங்கல்லா, அந்தக் கெழவருக்குக் கடைசியிலயாவது சோறு கிட்டிச்சா?"

"கிட்டல்ல" என்றேன்.

"அப்பிடியா" என்றாள். வழித்த மாவு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோசையாயிற்று. மீன்சட்டியில் சாறு மட்டும் கிடந்தது. நின்றுகொண்டே தின்றாள்.

அவள் என்மேல் குறை சொல்லவில்லை. உண்மையாகவே கதையின் முடிவைத்தான் கேட்டாள். மூன்று ஆண்டுகளில் நாங்கள் படித்த நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளில் ஒன்றின் முடிவைக்கூட அவள் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் பட்டம் பெற்றவள், பள்ளி ஆசிரியை. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய்வந்து, சனிக்கிழமை மாலை சாளை ஆய்ந்துகொண்டிருந்தவள்.

மறுவாரம் வகுப்பில் பெருஞ்சித்திரனாரின் பாட்டு (புறம் 163). குமணன் தந்த வளத்தை யாரென்று பாராமல், என்னையும் கேட்காமல், எல்லோருக்கும் கொடு என்று புலவர் மனைவியிடம் சொல்லும் பாட்டு. பெருந்தன்மையின் உச்சம் என்று வழக்கமாகச் சொல்லும் இடத்தில் எனக்குச் சொல் தடுக்கியது. அந்தப் பாட்டில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொடுத்து முடித்தபின் அவளுக்கு என்ன மிஞ்சியது?

நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் (1931-2005) வீடு இலக்கிய அன்பர்கள் தேடிவந்து, பேசி, உண்டு மகிழ்ந்த வீடு. அந்தப் பேச்சைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் மனைவி கமலா ராமசாமி 'நெஞ்சில் ஒளிரும் சுடர்' எழுதியபோது, அதே வீட்டை உள்ளிருந்து பார்க்கும் கண் ஒன்று நமக்குக் கிடைத்தது. நம் இலக்கிய நட்புகளின் வரலாற்றை அடுக்களைப் பக்கமிருந்து எழுதியவர்கள் மிகக் குறைவு. முன்னறையில் பேசப்பட்டவற்றையே நாம் இலக்கிய வரலாறு என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

*

பெரிய புரட்சி எதையும் நாங்கள் செய்துவிடவில்லை. நான் நண்பர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கணிதக்காரர் தீர்வு சொன்னார்: அடுப்பை அணைத்த பிறகு உட்கார்ந்து உண்ணக்கூடிய சாப்பாடு மட்டும் போதும். அன்றோடு சனிக்கிழமைத் தோசை நின்றது. கஞ்சியோ, கிழங்கோ, சோறும் ஒரு குழம்புமோ, எதுவானாலும் சட்டியோடு நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவது என்றாயிற்று. வேண்டியவர் வேண்டியதைக் கோரிக்கொள்ள வேண்டும். மீனோடு வருபவரே மீனை ஆய வேண்டும் என்றும் முடிவாயிற்று. கடற்கரைக்காரர் கிணற்றடியில் உட்கார்ந்து சாளை ஆயும் வேகத்தைப் பார்த்து என் மனைவி, "இத்தன நாளும் இத ஒளிச்சு வச்சிருந்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

எனக்குச் சமையல் தெரியாது. தேங்காய் திருவத் தொடங்கி, விரல் முட்டிகளைத் திருவிக்கொண்டேன். என் முதல் புளிமுளத்தில் புளி மட்டுமே இருந்தது. நண்பர்கள் வாய் திறவாமல் தின்றார்கள். என் மனைவிக்கோ உட்கார்ந்து உண்பதே கடினமாக இருந்தது. முதல் சில வாரங்கள், உப்பு, தண்ணீர், ஊறுகாய் என்று ஏதாவது காரணம் கண்டு நாலுமுறை எழுந்துவிடுவாள். இருபது வருடப் பழக்கம் கால்களில் இருந்தது. கதை கேட்க உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்த காரியம், நாங்கள் எல்லோரும் கொண்டாடிய ஒரு கதையை, "இதுல அந்தப் பொண்ணு எதுக்கு வாறா? அழுகதுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டுக் கவிழ்த்ததுதான். அதன்பின் எங்கள் சண்டைகளின் தரம் உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பா இப்போது இல்லை. அம்மா எங்களோடு இருக்கிறாள், எழுபதைக் கடந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் அவளைக் கூப்பிட்டால், "நீங்க தின்னுங்க மக்களே, நான் பொறவு திங்கேன்" என்பாள். வற்புறுத்தி வற்புறுத்தி, அடுக்களை நிலைப்படியில் முக்காலி போட்டு, கும்பாவை மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறாள். பாதி உள்ளே, பாதி வெளியே. ஒருகாலத்தில் இன்னொருவரைச் சாரலிலிருந்து உள்ளே அழைத்தவள், தான் அந்தப் படியைத் தாண்டமாட்டாள்.

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. கஞ்சியும் பயறும். பேச்சு அந்தப் பழைய இரவுக்குப் போயிற்று. பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத்தான் நேரத்துக்குச் சோறு இல்ல. பாட்டியாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டிருப்பா, இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கும்பாவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அத்தையா? அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருசம் அவங்ககூட இருந்தேன். அத்த எப்ப சாப்பிட்டாங்கன்னு ஒருநாளும் கண்டதில்ல மக்களே" என்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி எழுந்துபோய் அம்மாவின் கும்பாவில் இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினாள்.